பழவேற்காடு கண்டோம்

திருத்தணிகையைச் சூழ்ந்த கே.ஜி.கண்டிகை, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் தறியோசை கேட்டு வளர்ந்த நம்மவர், காஞ்சியையும் திருப்பதியையும் பன்முறை கண்டிருப்பர். ஆயின், நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டைக் கண்டவர் சிலரே. சோழமண்டலக் கரையில் பெரும்புகழ் பெற்று விளங்கிய அத்துறைமுகப் பட்டினத்தை வாழ்வித்த செல்வம் யாதெனில், நெசவாளன் கைத்துணியே. ஆதலின் அவ்வூர்ச் சரித்திரம் நமக்கு அயலார் சரித்திரம் அன்று.

சென்ற மாதம் யாம் குடும்பத்தாருடன் அங்குச் சென்றுவந்தோம். திருத்தணியில் ரெயிலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் வண்டியில் பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸில் கடற்கரை நோக்கிச் செல்லவேண்டும். ஊரை அணுகும்போதே உப்புக்காற்று முகத்தில் வீசும். பரந்து கிடக்கும் ஏரி கண்ணுக்குத் தெரியும். ஒடிசா நாட்டுச் சில்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தமிழகத்தோடு இணைந்த திருத்தணிகையைப் போலவே, இதுவும் இருமொழி கலந்து வழங்கும் எல்லைப்புறம் என்பதை எண்ணி மகிழ்ந்தோம்.

இனி இதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஒல்லாந்தர் வருவதற்கு முன்னரே இது விசயநகர வேந்தர் ஆட்சியில் சிறந்த துறையாக விளங்கிற்று. தமிழ் வணிகரும், தெலுங்கு வணிகரும், முகம்மதிய வணிகரும் இங்கிருந்து மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளுக்குத் துணி ஏற்றினர். 1610-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர், வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று இங்குப் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அதன்பின், 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வாணிகம் முழுவதும் இங்கிருந்தே நடத்தப்பெற்றது. நாணயம் அடிக்கும் அக்கசாலையும், வெடிமருந்து செய்யும் ஆலையும் இங்கு இருந்தன.

தொலைதூரத்து ஒல்லாந்தர் இக்கரையை நாடியதன் காரணம் அறியத்தக்கது. அவர்கள் வேண்டியது மொலுக்காஸ், பாந்தா முதலிய தீவுகளில் விளையும் கிராம்பும், சாதிக்காயும், சாதிபத்திரியுமே. அத்தீவினர் தம் சரக்குக்கு ஈடாகப் பெரிதும் விரும்பியதோ நம் கரையின் துணி. சாயவேரால் சிவப்பேற்றிய ஆடையும், எழுதுகோலால் பூவெழுதிய ஆடையும், கட்டம் போட்டு நெய்த ஆடையும் கொண்டுசென்றாலன்றி அங்கு வாணிகம் செவ்வையாய் நடவாது. ஆகவே வணிகர் முன்பணம் கொடுத்து, ஒவ்வொரு தீவினரும் விரும்பும் மாதிரிப்படி ஊர்தோறும் நெய்வித்தனர். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலேயர் இவ்வூர்ப் பெயரையே இட்டு ‘புலிக்காட்’ என்று வழங்கினர். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து நெசவாளரும் அதனைப்போல நெய்து, அப்பெயராலேயே விற்றனர். ஓர் ஊரின் பெயர் ஒரு துணியின் பெயராயிற்று. நெய்தவன் பெயரோ எங்கும் இல்லை.

இப்பெருமையின் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. துணி ஏறிய அதே துறையில் மனிதரும் ஏற்றப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் நேர்ந்தபோதெல்லாம், பசி பொறாது தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களையும், பிறரால் பிடித்து விற்கப்பட்டவர்களையும் ஒல்லாந்தர் வாங்கி, பத்தேவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாய் அனுப்பினர். இக்கரையிலிருந்து இவ்வாறு சென்றோர் பல்லாயிரவர். பசிக்குக் குலமும் தொழிலும் தெரியாவன்றோ?

1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம்பெற்றனர். அங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பது அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். சென்னை வளரப் பழவேற்காடு தளர்ந்தது. கோட்டை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. 1825-இல் ஊரும் முற்றிலும் அவர்கள் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும், அகழியின் தடமும், முட்புதரும் காண்கிறோம்.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையினர் காவலில் நன்கு இருக்கிறது. வாயிலில் எலும்புருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்துள்ளனர். உள்ளே பெரிய கற்பலகைகளில் இறந்தவர் பெயரும், ஆண்டும், குலச்சின்னமும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகளைச் சிறுசிறு சிற்பங்களாகக் காணலாம். பள்ளிவாசலில் நிழலால் பொழுதறியும் கடிகாரம் ஒன்றுண்டு. பனையோலையால் பெட்டி முடையும் பெண்களின் கைத்திறனும் கண்டு வியந்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, “துணி நெய்தவர்கள் கல் எங்கே?” என்று வினவினாள். யாம் விடையின்றி நின்றோம். வாங்கியவன் பெயர் கல்லில் இருக்கிறது. நெய்தவன் பெயரும் இல்லை. விற்கப்பட்டவன் பெயரும் இல்லை. அவர்களைக் கணக்கெழுதியவர் பிறர். அக்கணக்கில் அவர்கள் வெறும் எண்களாயினர்.

அன்பர்களே! இக்குறை மேலும் தொடரலாகாது. நம் ஊர்களில் கைத்தறி குறைந்து விசைத்தறி மிகுந்துவிட்டது. பாவு தோய்த்த முறையும், சாயம் காய்ச்சிய பக்குவமும், கரைகளுக்கு வழங்கிய பெயர்களும் அறிந்த முதியோர் நம் வீடுகளில் இன்னும் சிலர் உளர். அவர்களை இருத்திக் கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதி வைப்பது நம் கடமை. பரணில் கிடக்கும் பழைய கணக்கேடுகளையும், பத்திரங்களையும் கறையானுக்கு விடாது காப்போமாக. விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அச்சிறுமி கேட்ட கேள்வியை அவர்களும் கேட்பர். அப்போது விடையாகக் காட்டுவதற்கு நம் வீட்டில் ஓர் ஏடாவது இருக்கட்டும்.