வெளியிலிருந்து வரும் தூசி



வீட்டுத் தூசியைப் பெருக்கித் தள்ளுகிறோம். ஒரு தூசியைப் பிடிக்க விண்கலமே அனுப்பிய கதையை இன்று சொல்கிறேன்.

1990 அக்டோபரில் யுலிசிஸ் கிளம்பியது. சூரியனின் துருவப் பகுதிகளை ஆராய்வதே அதன் வேலை. கூடவே ஒரு தூசி உணர்கருவியும் போனது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர விஞ்ஞானி எபர்ஹார்ட் குரூன் அதற்குப் பொறுப்பு. 1992 பிப்ரவரியில் வியாழனைக் கடந்த பிறகு, ஒரே திசையிலிருந்து நுண்துகள்கள் வந்து மோதுவதைக் கருவி காட்டியது.

அவை சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்று எப்படித் தெரிந்தது? இரண்டு சாட்சிகள். முதலாவது திசை. கோள்கள் சுற்றும் போக்குக்கு எதிராக, விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஹீலியம் வாயு வரும் அதே பக்கத்திலிருந்து வந்தன. இரண்டாவது வேகம். வியாழனின் தொலைவில் நொடிக்கு சுமார் 18.5 கி.மீ.க்கு மேல் ஓடும் பொருளைச் சூரியனால் கட்டி வைக்க முடியாது. இவை ஓடியதோ 26 கி.மீ. வேகத்தில்! 1993-ல் இது நேச்சர் இதழில் வெளியானது.

உள்ளே வரும் துகளைச் சூரியனின் ஈர்ப்பு இழுக்கும். ஒளியின் அழுத்தம் தள்ளும். மிகச் சிறியவை மின்னேற்றம் பெற்றிருப்பதால் காந்தப்புலம் வளைத்துவிடும். அந்தப் புலம் சுமார் 11 ஆண்டுக்கொருமுறை தலைகீழாகும். அதனால் சில ஆண்டுகளில் தூசி கூடுதலாக உள்ளே வரும், சில ஆண்டுகளில் ஒதுக்கப்படும்.

அடுத்து 1999-ல் ஸ்டார்டஸ்ட் சென்றது. 2000, 2002 ஆண்டுகளில் ஏரோஜெல் தட்டை நீட்டித் தூசி பிடித்தது. 2006 ஜனவரி 15 அன்று அந்தத் தட்டு யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத தடங்களைத் தேட வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி விஞ்ஞானிகள் நுண்ணோக்கிப் படங்களை இணையத்தில் வைத்துப் பொதுமக்களை அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே படம் படமாகப் பார்த்தார்கள்.

2014-ல் முடிவு வந்தது. வெளியிலிருந்து வந்திருக்கக்கூடியவை ஏழே ஏழு துகள்கள்! அவற்றில் ஒன்றின் தடத்தைக் கண்ட கனடாக்காரர் அதற்கு 'ஓரியன்' என்று பெயர் வைத்தார். சயன்ஸ் இதழின் கட்டுரையில் விஞ்ஞானிகளோடு, தேடிய 30,714 பேரும் ஆசிரியர்களாகக் குறிக்கப்பட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் உழைப்பும் கணக்கில் வந்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் என் மாணவப் பெற்றோர்களே, இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.