பக்திப் படங்கள் அளித்த ஆறுதல்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. துன்பம் சூழ்ந்த நாட்களில் பொதுமக்கள் எதைக் கேட்டு மனம் தேறினர், எதைக் கண்டு கண்ணீர் துடைத்தனர் என்பதும் வரலாறேயாகும். அவ்வகையில் ஆராயத்தக்கது பக்திப் படங்களின் கதை. சிறுவயதில் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து நான் விரும்பிப் பார்த்தவை இப்படங்களே. ஆயினும் என் விருப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவை மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன என்பதை நோக்குவோம்.

இந்தியத் திரைப்படம் அறக்கதையோடுதான் தொடங்கியது. பம்பாயில் ஏசுநாதர் வரலாற்றைக் காட்டிய படமொன்றைக் கண்ட தாதாசாகேப் பால்கே, நம் நாட்டுப் புராணங்களையும் இவ்வாறு திரையில் காட்டலாகாதா என எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவே 1913ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’. அதில் பேச்சு இல்லை; பாட்டும் இல்லை. பெண்கள் நடிக்க முன்வராமையால் சந்திரமதி வேடத்தையும் ஓர் ஆடவரே ஏற்றார். எனினும் கதை மக்கள் நன்கறிந்தது. எழுத்தறியாதவரும் அதைப் பின்தொடர முடிந்தது. அறிந்த கதையையே திரும்பத் திரும்பக் காண்பதில் மனத்துக்கு ஒருவகை அமைதி உண்டு. துன்பத்தின் முடிவில் நன்மை விளையும் என்ற உறுதியை அது முன்கூட்டியே அளித்துவிடுகிறது.

பேசும் படம் வந்தபின் கடவுளரைவிட அடியார்கள் முதன்மை பெற்றனர். 1936இல் புனாவின் பிரபாத் நிறுவனம் எடுத்த ‘சந்த் துக்காராம்’ அடுத்த ஆண்டு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவிலும் பாராட்டுப் பெற்றது. அப்படத்தின் சிறப்பு அற்புதங்களில் மட்டும் இல்லை. பாடலில் மூழ்கிய கணவரையும் பசித்த குழந்தைகளையும் ஒருங்கே தாங்கி நிற்கும் மனைவி ஜீஜாயின் கோபமும் அன்பும் அதில் உயிரோடு காணப்படுகின்றன. அடியாரின் வீட்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும் என்ற உண்மையை அப்படம் மறைக்கவில்லை. 1938இல் தமிழிலும் துக்காராம் வரலாறு படமாயிற்று. இசைமேதை முசிறி சுப்பிரமணிய ஐயர் அதில் நடித்தார்.

இனி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வருவோம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கு வாழ்ந்த தமிழர் பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர். குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் நகரை விட்டு வெளியேறினர். அரிசிக்குப் பங்கீடு வந்தது. படச்சுருளுக்கும் தட்டுப்பாடு வந்தது. இத்தகைய காலத்தில், 1944ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. அதன் கதை எளியது. பெற்றோரைப் புறக்கணித்து, ஆடம்பரத்தில் மூழ்கி, செல்வம் அனைத்தையும் இழக்கிறான் ஒருவன். பின் கால்களையும் இழக்கிறான். அதன் பின்னரே தாய் தந்தையரின் அருமை அவனுக்குப் புலப்படுகிறது. அவர்களுக்குத் தொண்டு செய்து அவன் மீண்டும் மனிதனாகிறான்.

தியாகராஜ பாகவதரின் குரலும் பாபநாசம் சிவனின் பாடல்களும் அக்கதையை மக்கள் நெஞ்சில் பதித்தன. சென்னை பிராட்வே அரங்கில் அப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. படம் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும், அதே படத்தில் நடித்த என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். தண்டனையும் விதிக்கப்பட்டது. பிரிவி கவுன்சில் வரை சென்ற பிறகு 1947இல்தான் அவர்கள் விடுதலை பெற்றனர். இருவரும் சிறையில் இருந்த காலத்திலும் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. வீழ்ந்தவன் எழலாம் என்ற நம்பிக்கை, நடிகரின் புகழையும் கடந்து, வீடும் பொருளும் இழந்தோர் பலர் வாழ்ந்த ஊரில் அன்று தேவையாக இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆறுதல் தருவது எதுவாயினும் அதை ஆராயாமல் ஏற்றல் தகாது. நந்தனார் கதையை நோக்குங்கள். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். சிதம்பரம் செல்ல ஏங்கும் அவ்வடியாரின் துயரம் கல்லையும் கரைக்கும். ஆனால் அவரைத் தடுத்தது எது? ஊழா? அன்று, மனிதர் வகுத்த சாதிக் கட்டுப்பாடு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939இல். இரண்டாவது படம் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின். நந்தனாருக்காகக் கண்ணீர் விட்டோர் அனைவரும், தம் ஊரில் அதே நிலையில் நின்றவருக்குக் கதவைத் திறந்தனர் என்று கூறுவதற்கில்லை. கண்ணீர் செயலாக மாறாவிடில் அது கொட்டகையின் மணலிலேயே உலர்ந்துவிடும்.

கேள்வி கேட்கும் துணிவையும் இப்படங்களே கற்பித்தன என்பது மற்றொரு வியப்பு. 1965இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தில், சிவபெருமானே புலவராக வந்து வாதிடுகிறார். எதிரே நிற்கும் நக்கீரர், வந்திருப்பவர் இறைவன் என்று அறிந்த பின்னும், தாம் கண்ட குற்றத்தைக் குற்றம் என்றே சாதிக்கிறார். அவ்வேடத்தை ஏற்றவர் நாகராசனே. இறைவன் பெருமையைப் பாட எடுத்த படத்தில் மனிதனின் நேர்மைக்கும் அத்துணை இடம் தந்தனர். அக்காட்சியில் கொட்டகையில் எழுந்த கைதட்டல் என் செவியில் இன்றும் ஒலிக்கிறது. பிற்காலத்தில் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நீங்கள் கரும்பலகையில் எழுதிய கணக்கைச் சரிபார்க்கலாமா?” என்று கேட்டபோதெல்லாம் நக்கீரரையே நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளுக்குப் பின் இவ்வகைப் படங்கள் குறைந்தன. டூரிங் கொட்டகைகளும் பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் அவற்றைப் பார்த்து வளர்ந்தோர் உங்கள் இல்லங்களிலேயே இருக்கின்றனர். மாணவர்களே, உங்கள் பாட்டனார் பாட்டியாரிடம் சென்று, அவர்கள் இளமையில் கண்ட படம் எது, அன்று குடும்பத்தில் என்ன கவலை இருந்தது, எந்தக் காட்சி அவர்களுக்கு ஆறுதல் அளித்தது என்று கேளுங்கள். அவர்கள் கூறுவதை ஆண்டோடும் ஊரோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்த ஏட்டிலும் இன்னும் ஏறாத நம் மக்களின் வரலாறு அதில் கிடைக்கும்.