புல் வந்தது, காடு வரவில்லை

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைகளில் பல இடங்களில் ஒரு வினோதத்தைப் பார்க்கலாம். சுற்றிவர ஓக், மேப்பிள், ஹிக்கறி எண்டு அடர்ந்த காடு. நடுவில் மட்டும் தட்டையாக ஒரு புல்வெளி. தெரியாத ஆள் மேய்ச்சல் நிலம் எண்டுதான் நினைப்பார். உண்மையில் அது நிலக்கரிக்காக வெட்டப்பட்டு, பிறகு சட்டப்படி 'சீரமைக்கப்பட்ட' மலை. சீரமைத்தவர்கள் ஏன் காட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை? இதை விளங்க நாங்கள் ஒரு சட்டத்தின் கதைக்குள் போகவேண்டும்.

1972 பெப்ரவரி 26. மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். சுரங்கங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி மலைக் கிராமத்து மக்கள் அதற்கு முன்பே போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமூலத்தை ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் இரண்டு தடவை தடுத்தார். கடைசியில் 1977 ஆகஸ்ட் 3 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார்.

சட்டம் கேட்டது சின்ன விஷயமில்லை. தோண்டத் தொடங்க முதலே நிறுவனம் பிணைப்பணம் கட்டவேண்டும். தோண்டி முடிந்ததும் மலையைப் பழைய வடிவத்துக்குக் கிட்டக் கொண்டுவரவேண்டும். அந்தப் பகுதிக்கே உரிய பலவகைத் தாவரங்கள் அங்கே நிலைக்கவேண்டும். ஆனால், தேவைப்பட்டால் வெளியிடத்துத் தாவரங்களையும் பாவிக்கலாம் எண்டு ஒரு கதவும் திறந்திருந்தது.

நடந்தது என்ன? மண் சரியக்கூடாது என்பதுதான் அதிகாரிகளின் முதல் பயம். அதனால் புல்டோசர்கள் திரும்பத் திரும்ப ஓடி மண்ணைக் கல்லுப்போல இறுக்கின. அதன்மேல் ஐரோப்பாவின் ஃபெஸ்க்யூ புல்லும் கிழக்காசியாவின் லெஸ்பெடீசாவும் விதைக்கப்பட்டன. இரண்டும் வேகமாகப் பரவுபவை. மழை கூடிய அந்தப் பகுதியில் நிறுவனத்தின் பொறுப்புக்காலம் விதைத்த பிறகு 5 வருடம். அவ்வளவு காலம் பச்சையாக இருந்தால் பிணைப்பணத்தை மீட்கலாம். காட்டுக்கு 5 வருடம் எந்த மூலைக்குக் காணும்?

மரக்கன்று நட்டவர்களும் இருந்தார்கள். இறுகின மண்ணுக்குள் வேர் இறங்கவில்லை. புல் தண்ணியையும் வெளிச்சத்தையும் பறித்தது. கன்றுகள் செத்தன. 'சுரங்க நிலத்தில் மரம் வராது' என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். ஆனால் சட்டத்துக்கு முந்திய காலத்தில் இறுக்காமல் குவித்துவிட்டுப் போன சில மண்மேடுகளில் நல்ல மரங்கள் வளர்ந்திருந்தன! அதற்காகச் சட்டமே வேண்டாம் எண்டு சொல்ல முடியாது. சரிந்த மலைகளும் நாசமான ஓடைகளும் அதே காலத்தவைதானே. பிழை, சட்டத்தை நடைமுறைப்படுத்திய விதத்தில் இருந்தது.

கென்டக்கி, வேர்ஜீனியா ஆய்வாளர்களின் பல வருடப் பரிசோதனைகளுக்குப் பிறகு, 2004இல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஒரு புதிய முயற்சியைத் தொடங்கின. அதன் முறை எளிமையானது: குறைந்தது 1.2 மீற்றர் ஆழத்துக்கு வேர் பிடிக்கக்கூடிய மண்ணைப் போடு, இறுக்காதே, மரத்தோடு போட்டி போடாத செடிகளை மட்டும் விதை, மண்ணைக் காக்கும் மரங்களையும் பெறுமதியான காட்டு மரங்களையும் கலந்து ஒழுங்காக நடு. ஏற்கனவே இறுகிப்போன நிலங்களை இப்போது ஆழமான இரும்புப் பற்களால் கிழித்து நடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஒரு பூஞ்சண நோயால் ஏறக்குறைய அழிந்த அமெரிக்க செஸ்நட் மரத்தின், நோயைத் தாங்கக்கூடிய கலப்பினங்களும் அங்கே நடப்பட்டிருக்கின்றன.

மிச்சத்தைக் காற்றும் பறவையும் அணிலும் கொண்டுவரவேண்டும். மரத்தடியில் வளரும் சிறு செடிகள் இன்னும் மெதுவாகத்தான் வரும். அவற்றின் விதையும் கிழங்கும் இருந்த மேல்மண் எப்போதோ போய்விட்டது.

'சூழலைச் சீரமைத்துவிட்டோம்' எண்டு யாராவது பச்சையான படமொன்றைக் காட்டினால், நாங்கள் கேட்கவேண்டியவை இந்த வரலாற்றில் இருக்கின்றன. என்ன செடி? எந்த மண்ணில்? எத்தனை வருடம் பொறுப்பு? அது முடிந்துவிட்டது எண்டு கையெழுத்து வைக்கிறது யார்?