வெட்சியின் பெயர் வரலாறு

வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் கொத்துக் கொத்தாகச் செம்மலர் பூத்து நிற்கும் வெட்சியைக் காணாதார் மிகச் சிலரே. ஆயினும் அது 'எக்சோரா' என்னும் பெயரோடு விற்கப்படுவதால், பிறநாட்டு அலங்காரச் செடியென அதனைக் கருதுவோர் பலர். வெட்சியோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. 'எக்சோரா' என்பதும் இப்பகுதியிலிருந்து மேனாடு சென்று மீண்டு வந்த பெயரே.

தொல்காப்பியர் புறத்திணை ஏழனுள் முதலாவதற்கு வெட்சி என்று பெயர் தந்தார். பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் வீரர் வெட்சிப்பூச் சூடுதல் அக்கால மரபு. ஒரு பூவின் பெயரே ஒரு போரொழுக்கத்தின் பெயராக நிலைபெற வேண்டுமாயின், அப்பூவை மக்கள் ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். நூலோர் வகுக்கும் முன்னரே ஊரார் அதனை அடையாளங் கண்டிருந்தனர்.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1672 ஆம் ஆண்டளவில், அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்தவர் போல் ஏர்மன். சில ஆண்டுகள் இங்குத் தங்கிச் செடிகொடிகளைச் சேர்த்து, உலர்த்தி, தாள்களில் ஒட்டி வைத்தார். அவற்றின் சிங்களப் பெயர்களையும் கேட்டெழுதினார். அவர் 1695 இல் இறந்தபின், 1717 இல் அவருடைய தாவரப் பட்டியல் நூலாக வெளிவந்தது. நூலின் முகப்பில் ஏர்மனின் பெயர் உண்டு. செடிகளைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்த ஊரவரின் பெயர்கள் அங்கில்லை.

அதே காலத்தில் மலையாளக் கரையில் வேறொன்று நிகழ்ந்தது. கொச்சியின் ஒல்லாந்த ஆளுநர் வான் ரீடு வெளியிட்ட மலபார்த் தாவர நூலின் முதற்றொகுதி 1678 இல் அச்சேறியது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரின் சான்றுரை அதில் அவர் பெயருடனேயே இடம்பெற்றது. நன்றி கூற விரும்பினோர்க்கு அக்காலத்திலும் அது இயன்றது.

ஏர்மனின் தொகுதி கைமாறிக் கைமாறி, கொப்பன்கேகன் நகர மருந்தாளர் கியூந்தர் வாயிலாகச் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசிடம் சென்றது. இலங்கையை ஒருபோதும் கண்டிராத அவர், உலர்ந்த கிளைகளையும் வரைபடங்களையும் கொண்டே 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1753 இல் வெட்சிக்கு 'இக்சோரா கொக்சினியா' என்னும் பெயரை நிலைநிறுத்தினார். முதற்சொல் 'ஈசுவரன்' என்பதன் திரிபென்பது அறிஞர் கருத்து. இரண்டாவது செந்நிறத்தைக் குறிப்பது. சிங்களவர் வழங்கும் 'ரத்மல்' என்னும் பெயருக்கும் செம்பூ என்பதே பொருள். ஏர்மனின் தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

இலின்னேயசு குறித்த அடையாளம் இன்றும் பயன்படுவது. வெட்சியின் இலைகள் எதிரெதிராக அமைந்து, காம்பின்றி, அடிப்பாகத்தாற் றண்டைப் பாதி தழுவி நிற்கும். பூவிற்கு நீண்டு மெலிந்த குழாயும், கூர்நுனியுடைய நான்கு இதழ்களும் உண்டு. இதழ் நுனி உருண்டும் இலைக்குச் சிறு காம்பும் இருப்பின், அது பெரும்பாலும் சீன வெட்சியாகும். நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. வெட்சியிலே மஞ்சட்பூ வகையும் உண்டு.

முற்றாத கிளைத்துண்டுகளை நிழலில் ஈரமணலில் நட்டால் வேர்கொள்ளும். வேரூன்றிய செடிக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அது இரும்புச்சத்தை எளிதிற் பெறாது. அதனால் நரம்புகள் பசுமையாயிருக்க, இளவிலைகள் மஞ்சளிக்கும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில் இதனை வளர்ப்போர், மட்கிய இலையுரமும் எருவும் தாராளமாக இடுதல் நன்று. பூத்து முடிந்த கொத்துக்களை நறுக்கிவிட்டால் புதுத்தளிர் தோன்றி மீண்டும் பூக்கும்.

ஏர்மனுக்குச் செடி காட்டியவர் இன்னாரென இன்று எவரும் அறியார். ஆயினும் அவர் சொன்ன சொற்கள் நூலேறி நிலைத்தன. முற்றத்துச் செடியைச் சிறுவருக்குக் காட்டி, இது வெட்சி என்று சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் அம்மனிதர் செய்த பணியையே தொடர்கின்றனர்.