‘மெய்யான பயிர்க்காவல்’: ஆயுதச் சட்டத்தின் ஒரு சொல்லும் பொம்மிடி அடிவாரத்துத் துப்பாக்கிகளும்

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போரின் அரசியல் பார்வை பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அதனைக் கௌரவத்தின் அரசியலாகவே படித்து வந்துள்ளது. நிலவுடைமையின் அடையாளமாக, ஆண்மைப் பெருமிதத்தின் வெளிப்பாடாக, அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கங்களின் குரலை இங்கே எதிரொலிப்பதாக அது விளக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் குறைவு என்பதால், இங்கே துப்பாக்கி அரசியல் என்று ஒன்று இல்லை என்ற முடிவும் அந்த வாசிப்போடு சேர்ந்தே வருகிறது. அந்த முடிவு, ஆயுதங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவற்றின் தரத்தைப் பாராமல் விட்டதால் ஏற்பட்டது என்று இக்கட்டுரை கருதுகிறது. யாருக்கு எத்தனை துப்பாக்கி என்பதைப் போலவே, யாருக்கு எவ்வளவு தரமான துப்பாக்கி என்பதும் அரசு எடுக்கும் அரசியல் முடிவுதான். தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி போன்ற மலையடிவார ஊர்களில் அந்த முடிவு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் உள்ள ஒரே ஒரு சொற்றொடர் வழியாக இன்றும் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவின் முதற்கூறே விவாதத்துக்குரிய மூலம். உரிமம் வழங்கும் அதிகாரி எவ்வெவற்றுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று அது வகுக்கிறது. உட்புறம் புரி இல்லாமல் வழவழப்பாக உள்ள, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கி, தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் உரியது என்று முதலில் சொல்கிறது. அதே மூச்சில், குழலின் வாய்வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கி, ‘போனஃபைடு’ பயிர்க்காவலுக்கு உரியது என்கிறது. பள்ளிச் சான்றிதழ்களின் வழியே தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான அச்சொல், இங்கே ‘மெய்யான’, ‘உள்நோக்கமற்ற’ என்னும் பொருளில் நிற்கிறது. புரிக்குழல் துப்பாக்கி, கைத்துப்பாக்கி முதலான பிறவற்றுக்கு, தகுந்த காரணம் உண்டென்று அதிகாரி நிறைவடைய வேண்டும் என்று அடுத்த கூறு தனியே சொல்கிறது.

முந்தைய ஆய்வுகள் இக்கூற்றை உழவருக்குக் கிடைத்த சலுகையாகப் படித்துள்ளன. மற்றவர் காரணம் காட்டிக் கேட்க வேண்டியதை, உழவர் எளிதாகப் பெறுகிறார் என்பது அவற்றின் சாரம். அந்த வாசிப்பு முழுதும் தவறன்று. ஆனால் கூற்றின் சொல்லமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது நிலைக்காது. தற்காப்பு, விளையாட்டு, பயிர்க்காவல் என்னும் மூன்று நோக்கங்கள் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் பயிர்க்காவலுக்கு மட்டுமே ‘மெய்யான’ என்ற அடைமொழி தரப்பட்டுள்ளது. தற்காப்பு என்று சொல்பவரின் அச்சம் மெய்யானதா என்றோ, விளையாட்டு என்று சொல்பவரின் ஆர்வம் மெய்யானதா என்றோ சட்டம் அந்த இடத்தில் கேட்கவில்லை. காட்டோரத்தில் மரவள்ளி நட்டவரிடம் மட்டும் அதைக் கேட்கிறது. கேட்டுவிட்டு, மெய்யானது என்று ஒப்புக்கொண்ட பிறகும், மூவரிலும் தரம் தாழ்ந்த கருவியை அவர் கையில் கொடுக்கிறது.

தரம் தாழ்ந்தது என்பது வெறும் அடைமொழியாகிவிடக் கூடாது. உரிமப் பதிவேடுகளில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று சுருக்கமாக எழுதப்படும் ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கியில், கரிமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்டி, அதன்மேல் நாரையோ துணியையோ வைத்து நீண்ட கம்பியால் இடித்து, ஈயக் குண்டுகளையோ ‘பால்ரஸ்’ என்று ஊரில் வழங்கும் இரும்புக் குண்டுகளையோ போட்டு, மறுபடி அடைத்து இடித்து, கடைசியில் குதிரைக்குக் கீழே உள்ள முனையில் ‘கேப்பு’ எனப்படும் வெடிமூடியைப் பொருத்த வேண்டும். இவ்வளவும் செய்த பின் ஒரு வெடி. அடுத்ததற்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைநாளில் மருந்து நமத்துப்போகும். திணித்த மருந்து வெடிக்காமல் போனால், அதை வெளியே எடுப்பதே ஆபத்தான வேலை. மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் கைக்கணக்கு என்பதால், கூடினால் குழல் பிளக்கவும், குறைந்தால் விலங்கு காயத்தோடு புதருக்குள் ஓடவும் இடமுண்டு. பின்புறம் திறந்து, தொழிற்சாலையில் அளந்து அடைத்த தோட்டாவை இடும் துப்பாக்கியில் இச்சிக்கல்களில் பெரும்பாலானவை இல்லை. இருட்டில், தனியாக, காட்டுப்பன்றிக் கூட்டத்துக்கு எதிரே நிற்க நேரும் ஒருவருக்கு இவ்விரண்டில் எது பாதுகாப்பானது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அடைமொழி வரைவாளரின் வழக்கச் சொல் மட்டுமே, அதற்கு இவ்வளவு பொருள் ஏற்றக் கூடாது என்று ஒரு மறுப்பு எழலாம். வழக்கச் சொல்லாயின் மூன்று நோக்கங்களுக்கும் அது வந்திருக்கும். மேலும் இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, ‘ஆயுதம்’ என்பதற்கு இலக்கணம் கூறும்போது, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய, லத்தி, கைத்தடி போன்ற பொருள்களை அதிலிருந்து விலக்கிவைக்கிறது. உழவரின் கருவி ஆயுதமன்று என்ற நினைப்பு வரைவாளருக்கு இருந்தது என்பதற்கு இது சான்று. பயிர்க்காவல் துப்பாக்கி அந்த விலக்குக்குள் வரவும் முடியாமல், முழு ஆயுதமாக மதிக்கப்படவும் முடியாமல் நடுவில் நிற்கிறது. அந்த இடைநிலையின் பெயர்தான் ‘போனஃபைடு’ என்று கருதத் தோன்றுகிறது.

கூற்றோடு ஒரு காப்புரையும் உண்டு. முந்தைய ஆய்வுகள் ஏறக்குறைய தொடாமல் விட்ட பகுதி இது. வாய்வழித் துப்பாக்கி பயிர்க்காவலுக்குப் போதாது என்று, அந்தந்த நிலையின் சூழலைப் பார்த்து அதிகாரி நிறைவடைந்தால், முன்சொன்ன வழவழப்புக்குழல் துப்பாக்கிகளில் வேறொன்றுக்கு உரிமம் வழங்கலாம் என்று அது அனுமதிக்கிறது. தரம் தாழ்ந்த கருவி போதாமல் போகக்கூடும் என்று சட்டமே எதிர்பார்த்திருக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் போதாமையை எடுத்துரைத்து அதிகாரியை நிறைவடையச் செய்யும் பொறுப்பு உழவர்மேல் விழுகிறது. சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், பொம்மிடியிலிருந்து தருமபுரி ஆட்சியர் அலுவலகம் வரை வந்து, ஒரு துப்பாக்கியின் போதாமையை எழுத்தில் நிறுவுவது என்பது வேலைநாள்களை இழந்து செய்ய வேண்டிய காரியம்.

1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் இச்சிக்கல் இரட்டித்தது. அச்சட்டம் இன்றுள்ள வடிவில், ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள் கொல்வதோடு, கண்ணி வைப்பதையும் விரட்டுவதையும்கூட அடக்குகிறது. பயிர்க்காவலுக்கென்று ஒரு சட்டம் துப்பாக்கியைத் தர, அதைத் தூக்கிச் செய்யக்கூடிய எதையும் இன்னொரு சட்டம் வேட்டை என்று பெயரிடக்கூடிய நிலை இதனால் உண்டாகிறது. காட்டுப்பன்றி 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிரை அழிப்பதை வேட்டையாட அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறையின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினரே சுட வேண்டும். 2022இல் கேரளம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரையே அப்பணிக்குப் பயன்படுத்திக்கொண்டதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்தான் அதிகம் இழக்கிறார். அவர் நிலமோ முதல் கிலோமீட்டருக்குள் கிடக்கிறது.

தரத்தின் வழியே நம்பிக்கையை அளந்து கொடுக்கும் இவ்வழக்கம் உழவருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சி, படைக்குரிய .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போவதை விரும்பவில்லை. ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்த .315 அளவு இந்தியப் பொதுமக்களின் ரைஃபிளுக்கு உரியதானது அதனால்தான். விடுதலைக்குப் பின்னும் இச்சாப்பூர்த் தொழிற்சாலை அதே அளவில் ரைஃபிள்களைச் செய்துவந்தது. 1980களின் நடுவில் இறக்குமதி ஏறக்குறைய நின்றபின், உரிமதாரர்கள் அரசுத் தொழிற்சாலைப் பொருளின் விலையையும் முடிப்பையும் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. அக்குறைகளை வசதி படைத்தோரின் முணுமுணுப்பு என்று ஆய்வாளர்கள் தள்ளிவிடுகின்றனர். தள்ளிவிடுவது சரியன்று, ரைஃபிள்காரரின் குறையும் பயிர்க்காவலரின் குறையும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் முன்னவருக்குக் குரல் உண்டு.

அந்தக் குரலின் வலிமை 2019இல் வெளிப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983 முதல் மூன்றாக இருந்ததை ஒன்றாகக் குறைக்க முதலில் முன்மொழியப்பட்டு, எதிர்ப்புக்குப் பின், டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அது இரண்டாக நின்றது. உரிமதாரர்களின் அழுத்தத்துக்கு அரசு இடம்கொடுத்த நிகழ்வாக இது பேசப்படுகிறது. ஒரே ஒரு வாய்வழித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்ற பேச்சால் ஆவது ஒன்றுமில்லை. அவரைத் தொட்டது அதே திருத்தத்தின் வேறொரு பகுதி: உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை, குறைந்தது ஓராண்டு, அதிக அளவு மூன்றாண்டு என்றிருந்தது, குறைந்தது இரண்டாண்டு, அதிக அளவு ஐந்தாண்டு என உயர்ந்தது. புதுப்பிக்காமல் விட்ட உரிமம், தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் கிடக்கும் குழல் ஆகிய எல்லாம் இந்த வரிக்குள் வந்துவிடக்கூடியவை. சித்தேரி போன்ற மலையூர்களில் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வரும் அறிவிப்புகளுக்குப் பின்னால் நிற்பது இந்த வரிதான்.

குடகோடு ஒப்பிடுவது இங்கே தவிர்க்க முடியாதது. குடகு இனத்தாரும் ஜம்மா நில உரிமையாளரும் உரிமமே இன்றிச் சில வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்கலாம் என்ற விலக்கு, பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கேயும் காடு, அங்கேயும் பன்றி. சித்தேரி மலையாளிப் பழங்குடியினரின் தினைக்கும் குடகின் நெல்லுக்கும் பன்றி வேறுபாடு பார்ப்பதில்லை, அரசு பார்க்கிறது. போர்க்குடி என்ற பெயர் ஒருவருக்கு விலக்கைத் தருகிறது, உழுகுடி என்ற பெயர் மற்றவருக்குச் சந்தேகத்தைத் தருகிறது. குடகு விலக்கை நீக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்யும் நடைமுறையும் இதே நோக்கில் பார்க்கத்தக்கது. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தாலும், நடத்தை விதிகள் அறிவிக்கப்பட்ட மார்ச் 16க்கும் வாக்கு எண்ணப்பட்ட ஜூன் 4க்கும் இடையே 80 நாள்கள். வங்கிக் காவலர் போன்றோருக்கு விலக்கு கிடைப்பது எளிது. அவ்வளவு நாளும் மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்பது விலக்குக்கான காரணமாக எளிதில் ஏற்கப்படுவதில்லை.

நல்ல துப்பாக்கி கொடுத்தால் திருட்டு வேட்டை பெருகும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. உரிம எண்ணும் கணக்கிட்ட தோட்டாவும் உள்ள துப்பாக்கியைத் தேடிக் கண்டுபிடிப்பது, பட்டறையில் செய்த குழலைத் தேடுவதைவிட எளிது. சட்டவழி அடைபடும்போது மக்கள் எந்த வழிக்குப் போகிறார்கள் என்பதே கவலைக்குரியது. பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும், சுருக்குக் கம்பியும், வயலைச் சுற்றிய திருட்டு மின்கம்பியும் எந்த விலங்கு என்று பார்த்துக் கொல்வதில்லை. 2023 மார்ச்சில் இதே மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கப் போட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. சூரிய மின்வேலி இருக்கிறதே என்பார் உண்டு. மானியமும் பராமரிப்பும் தவறாமல் கிடைக்கும் இடத்தில் அது நல்ல வழிதான்.

இவ்வளவுக்கும் சட்டத் திருத்தம் உடனே வேண்டும் என்பதில்லை. 13ஆம் பிரிவின் காப்புரை இன்றும் நடைமுறையில் உள்ளது. வாய்வழித் துப்பாக்கி போதாது என்று முடிவு செய்ய அதிகாரிக்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கி உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிந்து, விண்ணப்பித்தவர் கேட்கும்போது, பொது நலனுக்கு ஊறு இல்லாதவரை, சுருக்கமாகத் தரவும் வேண்டும் என்கிறது. பொம்மிடி உழவர் அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதைத் தயங்காமல் எழுதித் தர வேண்டும்.