மைக்கோ பம்ப்பும் மாமாவின் லாரியும்

தூத்துக்குடிக்கு பனியன் லோடு கிளம்ப வேண்டிய ராத்திரி, மாமாவோட பிஎஸ்-6 லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. பல்லடம் ரோட்டில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஈசியூ போச்சுங்க, மாத்தோணும்" என்றார். மாமாவுக்கு ஆத்திரம். "அப்பெல்லாம் பம்ப்பைக் கழட்டி நாசில் கடைல குடுத்தாப் போதும் மாப்ள."

அவர் சொல்லும் 'அப்பெல்லாம்' மைக்கோ காலம். 1951இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயர் 2008இல் பாஷ் ஆகிவிட்டது. நாசில் கடைக்காரர்களுக்கு இன்னமும் அது மைக்கோ பம்ப்தான். எவ்வளவு டீசல், எப்போது என்பதை அதில் ஸ்பிரிங்கும் கவர்னரும் முடிவு செய்தன. கையால் தொட்டுத் திருத்தலாம்.

1997இல் கார்களுக்கு காமன் ரயில் வந்தது. முடிவெடுப்பது கம்ப்யூட்டர் வேலையாயிற்று. புகை விதிகள் இறுக, லாரிகளும் அதே வழிக்கு வந்தன. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தபோதும் அசோக் லேலண்ட் பல லாரிகளில் பழைய இன்லைன் பம்ப்பையே வைத்துச் சமாளித்தது. (எனக்கு ரொம்பப் பிடித்த இன்ஜினியரிங் பிடிவாதம்!) 2020இல் பிஎஸ்-6 வந்ததும் அதுவும் முடிந்தது.

ஈசியூவை மாற்றுவது நாலு போல்ட் வேலை. ஆனால் அந்த வண்டிக்கான சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். இம்மொபிலைசர் இருந்தால் சாவியைப் பழக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த எண்ணையும் எழுத வேண்டும். கை சுத்தமான மெக்கானிக்கிடமும் அதற்கான டூல் இருக்காது.

விடியற்காலை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைனில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சென்சார் கனெக்டராகக் கழற்றியும் வரவில்லை. வயரிங்கைத் தடவிக்கொண்டே போனால், பிராக்கெட்டில் உரசித் தோல் உரிந்த ஒரு வயர், பாடியைத் தொட்டுக்கொண்டு.

டேப் சுற்றினோம். பழைய ஈசியூவிலேயே வண்டி கிளம்பியது.