மகிழுந்து ஒலிக்கருவி மாற்றீடு

மகிழுந்து ஒலிக்கருவி மாற்றீடு என்பது, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த வானொலி, இசைக்கருவித் தொகுதியை மகிழுந்தின் முகப்புப் பலகையிலிருந்து (டேஷ்போர்டு) நீக்கிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய வேறொரு கருவியை அவ்விடத்தில் பொருத்துவதாகும். தமிழ்நாட்டுப் பணிமனை வழக்கில் முன்னது "கம்பெனி செட்" என்றும், இப்பணி "செட் மாற்றுதல்" என்றும் அழைக்கப்படுகின்றன. திருகாணிகளைக் கழற்றி மாட்டும் எளிய வேலையாகவே இது பலராலும் கருதப்படுகின்றது. ஆயினும் மின்கலம், காற்றுப்பை, பின்னோக்கு எச்சரிக்கை, அலைவாங்கி ஆகியவற்றின் இணைப்புகள் ஒலிக்கருவியின் பின்புறத்திலோ அதன் அருகிலோ செல்வதால், ஒரு கம்பி இடம்மாறினாலும் விளைவு இசையோடு நிற்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் இப்பொருள் தொடர்பில் இருவகைகளில் குறிப்பிடத்தக்கது. மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பகுதிகளில் மகிழுந்து ஆலைகள் அமைந்தன. கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரையிலான கடற்கரையோ உப்புக்காற்று மிகுந்தது. முதலாவது கருவியின் வடிவத்தையும், இரண்டாவது அதன் இணைப்புகளின் ஆயுளையும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

வணிக நோக்கில் வெற்றிபெற்ற முதல் மகிழுந்து வானொலிகளுள் ஒன்று 1930-இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் வெளியிட்டதாகும். ஐரோப்பாவில் புளோபுங்க்ட் நிறுவனம் 1932-இல் தன் முதற்கருவியை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் நெடுங்காலம் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 ஆகிய வண்டிகள் பெரும்பாலும் வானொலி இன்றியே விற்பனையாயின. அதனால் அக்காலத்தில் "மாற்றீடு" என்பதைவிடப் புதிதாகப் பொருத்துதலே வழக்கமாக இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் 1980-களில்தான் நீங்கியது.

சென்னையில் அனைத்திந்திய வானொலியின் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23-இல் தொடங்கியது. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதலில் தொடங்கிய நகரம் இதுவே. எனினும் 2003-இல் சூரியன், மிர்ச்சி முதலிய தனியார் பண்பலை நிலையங்கள் வந்த பின்னரே, மத்தியலை மட்டும் வாங்கும் பழைய கருவிகளைக் கழற்றும் போக்கு பரவலாயிற்று. ஒலிநாடா, குறுந்தட்டு, யுஎஸ்பி நினைவி, தொடுதிரை என ஒவ்வொரு மாற்றமும் ஓர் அலையாக இச்சந்தைக்கு வந்து சேர்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மகிழுந்துத் துணைக்கருவிக் கடைகளுக்கும், புதுப்பேட்டை பழைய உதிரிபாகங்களுக்கும், ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களுக்கும் பெயர்பெற்றவை.

அளவும் வடிவமும்

முகப்புப் பலகையில் கருவி அமரும் துளையின் அளவு செருமானியத் தரநிலையான டின் 75490-இல் வரையறுக்கப்பட்டுப் பின்னர் ஐஎஸ்ஓ 7736 என உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஒற்றை டின் கருவியின் முகம் ஏறத்தாழ 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, இரட்டை டின் கருவி அதே அகலத்தில் 100 மி.மீ. உயரமுடையது. இத்தரத்தைப் பின்பற்றிய வண்டிகளில் மாற்றீடு எளிது. உற்பத்தியாளர்கள் கருவியை முகப்புப் பலகையின் வடிவோடு இழைத்து வார்க்கத் தொடங்கிய பின்னர், துளையை மறைக்கும் தனிச் சட்டம் (பணிமனைகளில் "ஃபிரேம்") தேவைப்படலாயிற்று.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் வண்டிகள் இம்மாற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2010-இல் வெளிவந்த ஃபிகோ வண்டியின் கம்பெனி செட் பலகையின் வளைவோடு பொருந்தும் தனி வடிவமுடையது. அதனை எடுத்தால் டின் அளவுத் துளை கிடைப்பதில்லை. சட்டம் இன்றி வேறு கருவி அமராது. 2013-இல் வந்த ஈக்கோஸ்போர்ட்டில் திரை, பொத்தான் பலகை, ஒலிப்பெட்டி ஆகியன தனித்தனிப் பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, தரவுக் கம்பிகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இங்கே "செட்" என்று ஒற்றைப் பொருளே இல்லை எனலாம்.

இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்து, 2022-இல் மறைமலைநகரில் மகிழுந்து உற்பத்தி முடிவுற்றது. அவ்வாலையை ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மீண்டும் பயன்படுத்தும் விருப்பக் கடிதத்தை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசிடம் அந்நிறுவனம் அளித்தது. புதிய வண்டிகள் வராத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் பழையவற்றின் திரையோ ஒலிப்பெட்டியோ பழுதானால் உரிமையாளர் பலர் வெளிச்சந்தைக் கருவியை நாடுவது இயல்பே.

சிங்கப்பெருமாள்கோவில் அருகே மகிந்திரா உலக நகரில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் இணைக்கப்பட்ட வண்டிகள் பலவற்றில் நிலைமை மேலும் கடினம். அவற்றில் ஒலிச்சாதனங்கள் ஒளியிழை வளையம் ஒன்றில் கோக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கழற்றி வளையத்தை மூடாமல் விட்டால் ஏனைய சாதனங்களும் ஊமையாகிவிடும்.

கம்பி இணைப்பு

வேலையின் உயிர்நாடி இப்பகுதியே. ஐஎஸ்ஓ 10487 தரநிலையின்படி, கருவியின் பின்புறம் எட்டு முனைகள் கொண்ட இரு இணைப்பிகள் (பணிமனைகளில் "கப்ளர்") இருக்கும். ஒன்று மின்சாரத்திற்கு, மற்றொன்று நான்கு ஒலிபெருக்கிகளுக்கு. வெளிச்சந்தைக் கருவிகளில் பெரும்பாலும் ஒரே வண்ண மரபு பின்பற்றப்படுகின்றது. மஞ்சள் கம்பி மின்கலத்திலிருந்து எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவியைத் திருப்பிய பின்னர் மட்டும் மின்சாரம் பெறுவது. கறுப்பு புவியிணைப்பு. நீலம் அலைவாங்கிக்கு அல்லது வெளிப் பெருக்கிக்கு இயக்க மின்சாரம் தருவது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை முறையே முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது ஒலிபெருக்கிகளுக்கு உரியவை. கறுப்புக் கோடு இருப்பது எதிர்முனை. வண்டியின் பக்கத்துக் கம்பிகள் இம்மரபைப் பின்பற்றுவதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வண்ணத்திற்கு வண்ணம் இணைப்பது தவறு. பல்பயன் அளவியால் (மல்டிமீட்டர்) சோதித்தே இணைக்க வேண்டும்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், சாவியை எடுத்தவுடன் கருவி நினைவை இழந்து, கடிகாரமும் நிலையங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்பட வேண்டியிருக்கும். சில ஐரோப்பிய வண்டிகளில் இணைப்பியின் 4-ஆம், 7-ஆம் முனைகள் தரநிலைக்கு மாறாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிலையான மின்சாரத்தில் கொடுத்துவிடுவது அவசரப் பணியில் காணப்படும் மற்றொரு வழக்கம். அணைக்க மறந்த கருவி அரை ஆம்பியர் மட்டும் இழுத்தாலும், 35 ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று நாள்களுக்குள் வறண்டுவிடும். வார இறுதியில் மட்டும் வண்டி எடுப்பவர் வாரம்தோறும் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

ஒலிபெருக்கியின் எதிர்முனையை வண்டியின் உடலோடு இணைப்பது மிகக் கேடானது. பழைய வண்டிகளில் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் ஒரே கம்பி சென்று, மறுமுனை உடலில் முடிவது உண்டு. இக்காலக் கருவிகளில் இரு முனைகளும் பெருக்கியாலேயே இயக்கப்படுவதால், ஒன்றை உடலோடு சேர்த்தால் வெளியீட்டுச் சில்லு கருகிப்போகும். இத்தகைய வண்டிகளில் புதிதாக இரட்டைக் கம்பி இழுப்பது தவிர்க்க இயலாதது.

வண்டியின் இணைப்பியை வெட்டாமல், இடைக் கப்ளர் வாங்கிப் பொருத்துவதே சிறந்த முறையாகும். வெட்டப்பட்ட கம்பித் தொகுதியைக் காரணம் காட்டி மின்சாரப் பழுதுகளுக்கான உத்தரவாதம் மறுக்கப்படலாம். பழைய கருவியை மீண்டும் மாட்டும் வழியும் அடைபடுகின்றது. அடைக்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் கப்ளரின் விலை அற்பமே.

"50 வாட் × 4"

பெட்டிகளில் அச்சிடப்படும் இவ்வெண் பலரை மயக்குகின்றது. இயந்திரம் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அம்மின்னழுத்தம் முழுவதும் சதுர அலையாக 4 ஓம் ஒலிபெருக்கியில் பாய்ந்தால் கிடைப்பது 52 வாட். விளம்பர எண் அங்கிருந்து வருவதே. உருக்குலையாத இசையலைக்கு அதன் பாதியான 26 வாட்டே கோட்பாட்டு எல்லையாகும். இழப்புகள் போக 20 வாட் அளவில் நிற்கும். கருவியின் பின்புறமுள்ள உருகி பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் என்பதும் இதையே உணர்த்துகின்றது. 10 ஆம்பியர் உருகி 14.4 வோல்ட்டில் 144 வாட்டுக்கு மேல் உள்ளே விடாது. அதிலிருந்து 200 வாட் இசை வெளிவருவதற்கில்லை. ஒலி போதவில்லை என்பதற்காகக் கருவியை மாற்றுவோர், முதலில் தாள் கூம்பு கிழிந்த ஒலிபெருக்கிகளை மாற்றிப் பார்ப்பது பயனுடையது.

அலைவாங்கி

பல வண்டிகளில் கூரை அலைவாங்கியின் அடியில் சிறு பெருக்கி ஒன்று உண்டு. கம்பெனி செட் அதற்குத் தானே மின்சாரம் அளித்துவந்திருக்கும். புதிய கருவியில் நீலக்கம்பியை இணைக்க மறந்தால் அது உறங்கிவிடும். சென்னை நகருக்குள் அலை வலுவாக இருப்பதால் குறை வெளிப்படுவதில்லை. மாமல்லபுரம் சென்னைக்குத் தெற்கே 55 கி.மீ. அளவில் உள்ளது, பண்பலையோ நேர்க்கோட்டுப் பார்வைக்குள் மட்டும் நன்கு பரவக்கூடியது. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல இரைச்சல் மிகுந்து, வாங்கிய கருவியே மட்டம் என்று பழி விழுகின்றது. கடைவாசலில் அன்றி, நகரைத் தாண்டிச் சோதித்துப் பார்ப்பதே முறை.

கடலோரச் சூழல்

உப்பும் ஈரமும் கலந்த காற்று செப்புக் கம்பியின் திறந்த முறுக்கில் பச்சைப் படலத்தை உண்டாக்கும். தடை கூடி, ஒலி விட்டுவிட்டு வருவது முதல் அறிகுறி. சூடேறி உறை இளகுவது அடுத்த கட்டம். கம்பிகளைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதே பரவலான வழக்கம். ஆனால் கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் முகப்புப் பலகை 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அவ்வெப்பத்தில் பசை உருகி டேப் அவிழ, வெறுங்கம்பி பலகையின் பின்னுள்ள இரும்புச் சட்டத்தைத் தொடுகின்றது. மஞ்சள் கம்பி உருகியின்றி நேரே மின்கலத்திலிருந்து இழுக்கப்பட்டிருந்தால் தீவிபத்து வரை செல்லும். சால்ட்ரிங் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழல் இடுவது அல்லது முறையான கிரிம்ப் இணைப்பு செய்வது இக்கடற்கரைக்கு ஏற்றதாகும். மஞ்சள் கம்பியின் உருகி மின்சாரம் எடுக்கும் முனைக்கு அருகில் இருத்தல் வேண்டும். புவியிணைப்புக்காக உடலின் வண்ணப்பூச்சைச் சுரண்டினால் அவ்விடத்தில் துரு தொடங்கும்; தொழிற்சாலை அமைத்த புவிமுனையே போதுமானது.

பாதுகாப்பு

வேலைக்கு முன்னர் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைச் சோதனை விளக்கால் தொடுதல் கூடாது.

இந்தியாவில் 2019 சூலை 1 முதல் புதிய மகிழுந்துகளில் பின்னோக்கு நிறுத்த உணரியும், மணிக்கு 80 கி.மீ. தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் கட்டாயமாக்கப்பட்டன. சில வண்டிகளில் பின்னோக்கு எச்சரிக்கை கம்பெனி செட்டின் திரை அல்லது ஒலிபெருக்கி வழியாகவே வருகின்றது. கருவியை நீக்கினால் அதுவும் மறையக்கூடும். பின்னால் நிற்கும் குழந்தையை ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டிய ஒலி இல்லாமற் போவதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய கருவி எந்தெந்த எச்சரிக்கைகளைத் தருகின்றது என்பதைக் கழற்றும் முன்னரே பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

தொடுதிரைக் கருவிகளில் கைத்தடையோடு (ஹேண்ட்பிரேக்) இணைக்க ஒரு கம்பி உண்டு. வண்டி நிற்கும்போது மட்டும் காணொளி ஓட அனுமதிப்பது அதன் பணி. அதனைப் புவிமுனையில் இணைத்து ஏமாற்றுவது பரவலாக நடைபெறுகின்றது. ஆடுமாடுகளும் மிதிவண்டிகளும் குறுக்கிடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது வீண் துணிவு அன்றி வேறில்லை.

காப்பீடு

பின்னர் பொருத்தப்பட்ட மின்கருவி, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் தானாகச் சேர்வதில்லை. ஐஎம்டி 24 எனப்படும் ஒப்புதலின் கீழ் அதன் மதிப்பைத் தனியே அறிவிக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் இதற்கான கூடுதல் கட்டணம் கருவி மதிப்பில் 4 விழுக்காடு. 20,000 ரூபாய்க் கருவிக்கு இது 800 ரூபாய். அறிவிக்காத கருவி திருடுபோனாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ இழப்பீடு கோர இடமிராது.

கழற்றிய கருவி

பழைய கருவியை அதன் திருகாணிகள், சட்டத்தோடு பாதுகாத்து வைப்பது நன்று. வண்டியை விற்கும்போது வாங்குவோர் கம்பெனி செட்டைக் கேட்பதுண்டு. பல தொழிற்சாலைக் கருவிகள் மின்சாரம் நின்று திரும்பியதும் நான்கு இலக்கக் குறியீட்டைக் கேட்கும். உரிமையாளர் கையேட்டோடு வரும் அவ்வட்டை தொலைந்திருந்தால், மீண்டும் மாட்டினாலும் கருவி பேசாது. புதுப்பேட்டையில் பழைய கருவி வாங்குவோரும் குறியீட்டைக் கேட்டு, கடையிலேயே 12 வோல்ட் இணைத்துப் பார்த்து வாங்குவது வழக்கம்.